கேட்டல் என்னும் அறம்

‘சொன்னால் கேட்க வேண்டும்.’ தமிழர் வாழும் வீடுகளில் நாள்தோறும் ஒலிக்கும் வாக்கியம் இது. தாய்மண்ணை விட்டு வெளியூரில் குடியேறிய வீடுகளில் இது சற்று உரத்தே ஒலிக்கும். சுற்றிலும் வேற்று மொழி, வேற்றுப் பழக்கம். பிள்ளைகள் கைநழுவிப் போய்விடுவார்களோ என்ற அச்சம் பெற்றோரின் குரலை உயர்த்திவிடுகிறது. நம் சங்கத்துக் குடும்பங்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் தமிழில் ‘கேட்டல்’ என்ற சொல்லுக்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. செவிகொடுத்தலும் கேட்டல், சொன்னபடி நடத்தலும் கேட்டல், வினவுதலும் கேட்டலே. பணிந்து ஏற்பவனும் கேட்கிறான், ‘ஏன்?’ என்று எதிர்நின்று வினவுகிறவனும் கேட்கிறான். வள்ளுவர் ‘கேள்வி’ என ஓர் அதிகாரமே வகுத்தது செவிச்செல்வத்தைப் போற்றுவதற்காக. இன்று நாம் ‘கேள்வி’ என்றால் வினாவையே முதலில் நினைக்கிறோம். ஒரே சொல்லுக்குள் இவ்விரண்டையும் வைத்த நம் முன்னோர், ஒன்றைவிட்டு மற்றொன்று நில்லாது என்பதை அறிந்தே வைத்தனரோ என்று இந்த முதுமையில் எங்களுக்குத் தோன்றுகிறது. அவ்வாறு தோன்றுவதற்குக் காரணமான கதையைத்தான் சொல்லப் போகிறோம். அது பாதி எங்கள் வீட்டுக் கதை. பாதி, கடல் கடந்து நம் நாட்டுக்கு வந்த கிறித்துவ சமயப் பணியாளர் சிலரின் கதை.

நாங்கள் கல்கத்தாவுக்கு வந்தது 1964 இல். மாயவரத்துப் பக்கத்துச் சிற்றூரில் திருமணமாகி ஆறு மாதங்கூட ஆகவில்லை. நிறுவனத்திலிருந்து மாற்றல் உத்தரவு வந்தது. உத்தரவு என்றால் உத்தரவுதான். பெட்டி படுக்கையுடன் ஹௌரா நிலையத்தில் இறங்கினோம். லேக் மார்க்கெட் பக்கத்தில் ஒரு சிறு வீடு அமைந்தது. வெற்றிலையும் வாழையிலையும் காப்பிப்பொடியும் கிடைத்தன, தமிழ்க்குரலும் கேட்டது. அதனால் வங்கமொழி கற்க வேண்டிய தேவையே எங்களுக்கு ஏற்படவில்லை. கடைக்காரரிடம் விலை கேட்கும் அளவுக்கு நாவில் ஒட்டிக்கொண்டதோடு சரி.

1966 இல் பிறந்த எங்கள் மகள் அப்படியல்லள். தெருப்பிள்ளைகளோடு ஆடியே வங்கத்தைப் பேசப் பழகினாள். பள்ளியில் எழுதப் பழகினாள். பன்னிரண்டாம் வகுப்பு முடிப்பதற்குள் அம்மொழியின் கவிதைகளில் தோய்ந்து போனாள். 1984 இல் கல்லூரியில் சேரும் காலம் வந்தபோது வங்க இலக்கியம் படிக்கப் போவதாகச் சொன்னாள். நாங்கள் கூடாது என்றோம். வேற்றுமொழி இலக்கியம் படித்துவிட்டுத் தமிழ்ப்பெண் என்ன செய்வாள்? வணிகவியல் படித்தால் வங்கியில் வேலை கிடைக்கும் என்றோம். அவள் எங்கள் முகத்தைச் சற்று நேரம் பார்த்தாள். பிறகு, “சரி” என்றாள். அவ்வளவுதான். அழவில்லை; வாதாடவில்லை. வணிகவியல் படித்தாள், வங்கியில் வேலையும் பெற்றாள். ஊருக்குப் போகும் போதெல்லாம் உறவினரிடம், “எங்கள் பெண் சொன்ன சொல்லைத் தட்டியதே இல்லை” என்று பெருமை பேசினோம். அவளும் அருகில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருப்பாள்.

2006 ஆம் ஆண்டு கோடையில் மகளையும், பத்து வயதுப் பேரனையும் அழைத்துக்கொண்டு ஊருக்குச் சென்றிருந்தோம். ஒரு நாள் தரங்கம்பாடிக்குப் போனோம். 1620 இல் டேனியர் எழுப்பிய கோட்டையைப் பார்த்துவிட்டு, தெருவின் மறுபுறத்தில் உள்ள புதிய எருசலேம் தேவாலயத்திற்குள் நுழைந்தோம். அதைக் கட்டிய சீகன்பால்க் ஐயர் அதனுள்ளேயே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். அவர் தரங்கம்பாடியில் கரையேறிய முந்நூறாம் ஆண்டு அது.

பேரன் வழக்கம்போல வினவத் தொடங்கினான்.

“தாத்தா, இவர் யார் சொன்னதைக் கேட்டு இவ்வளவு தூரம் வந்தார்?”

“டென்மார்க் நாட்டு ராஜா சொன்னதைக் கேட்டு வந்தார்.”

“இங்கே வந்த பிறகு யார் சொன்னதைக் கேட்டார்?”

எங்களுக்கு விடை தெரியவில்லை. மகள்தான் சொன்னாள்: “ஒரு வயதான வாத்தியார் சொன்னதையும், அவரிடம் படித்த சின்னப் பிள்ளைகள் சொன்னதையும் கேட்டார்.” அவள் எப்போதோ எங்கோ படித்து வைத்திருந்தாள்.

மாலையில் கடற்கரையில் அமர்ந்திருந்தோம். பேரன் மணலில் வங்க எழுத்தும் தமிழ் எழுத்துமாகத் தன் பெயரை எழுதிக்கொண்டிருந்தான். மகள் அலைகளைப் பார்த்தபடியே, யாரோ மூன்றாம் மனிதரைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னாள்: “அன்றைக்கு நான் நீங்கள் சொன்னதைக் கேட்டேன். நீங்கள் இரண்டு பேரும்தான் என்னைக் கேட்கவில்லை.”

எந்த ‘அன்றைக்கு’ என்று நாங்கள் கேட்கவில்லை. இருபத்திரண்டு ஆண்டுகள் கழிந்திருந்தும் எங்கள் இருவருக்குமே அது உடனே விளங்கிற்று.

கொல்கத்தா திரும்பிய பின், தேவாலயத்தில் உறங்கும் அந்த மனிதரைப் பற்றித் தேடிப் படிக்கத் தொடங்கினோம். எங்கள் சமயம் வேறு; அவர் சமயம் வேறு. ஆயினும் சொந்த மண்ணை விட்டு உத்தரவின் பேரில் வேற்றூர் சென்று வாழ்ந்தவர் என்ற முறையில் அவர் எங்களுக்கு உறவினர் போலவே தோன்றினார்.

சீகன்பால்க் 1682 இல் சாக்சனி நாட்டிலுள்ள புல்ஸ்நிட்ஸ் என்னும் ஊரில் பிறந்தவர். டென்மார்க் அரசர் நான்காம் பிரெடரிக் அனுப்ப, தோழர் புளுட்சௌவுடன் 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியை அடைந்தார். வந்த அன்றே ஒரு சிக்கல். அனுப்பியவர் அரசர், ஊரை ஆண்டதோ வணிகக் கம்பெனி. சமயப் பணியாளர் வருவதைக் கம்பெனியார் விரும்பவில்லை. யாருக்குக் கீழ்ப்படிவது என்ற வினா கப்பலிலிருந்து இறங்கிய கணத்திலேயே அவர்முன் நின்றது. 1708 இறுதியில், ஓர் ஏழை விதவையின் வழக்கில் அவர் தலையிட்டதைத் தொடர்ந்து, கோட்டைத் தலைவர் ஹாசியஸ் அவரைச் சிறையிலிட்டார். நான்கு மாதங்கள் அங்கே கிடந்தார்.

இவ்வளவு பூசலுக்கு இடையிலும் அவர் தடையின்றிக் கீழ்ப்படிந்த இடம் ஒன்று இருந்தது. அது திண்ணைப் பள்ளி. முதிய தமிழாசிரியர் ஒருவரைத் தம் வீட்டிலேயே பள்ளி நடத்தச் செய்து, சிறுவர்களோடு சிறுவராகத் தாமும் அமர்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் பயின்றார். கற்பிக்க வந்தவர் கற்பவராக அமர்ந்தார். இரண்டே ஆண்டுகளில் நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ் நூல்களைத் திரட்டிப் பட்டியலிட்டார். 1708 இல் நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி ஆகியவற்றை செர்மானிய மொழியில் பெயர்த்தார். பெற்றோர் சொற் கேட்க வேண்டும் என்று நம் குழந்தைகளுக்கு எந்த ஏட்டைக் கொண்டு கற்பிக்கிறோமோ, அதே ஏட்டின்முன் அந்த அயல்நாட்டார் மாணவராக அமர்ந்தார் என்பது எங்களை வியப்பில் ஆழ்த்தியது.

அதைவிட வியப்பானது மற்றொரு செய்தி. அவரும் அவருடைய உடன்பணியாளர் கிரண்ட்லரும் தமிழறிந்த பெரியோருக்கு வினாக்கள் எழுதியனுப்பினர். உங்கள் சமயம் என்ன, வழக்கம் என்ன, எங்களைப் பற்றி நீங்கள் நினைப்பது என்ன என்று கேட்டனர். வந்த மறுமொழிகளுள் 99 கடிதங்கள் செர்மானிய மொழியில் வெளியாயின. அவற்றில் ஐரோப்பியரின் நடத்தையைக் கண்டிக்கும் சொற்களும் உண்டு. அவற்றையும் மறைக்காமல் பெயர்த்து அனுப்பினர். தம்மைப் பற்றிய குறையைத் தாமே கேட்டு வாங்கி, தம் வீட்டாருக்குத் தாமே எழுதியனுப்பும் துணிவு எத்தனை பேருக்கு வரும்?

அனுப்பிய இடத்தில் அத்தகைய செவி இல்லை. நம் நாட்டுத் தெய்வங்களைப் பற்றி 1713 இல் அவர் எழுதி முடித்த பெருநூலை ஹாலே நகருக்கு அனுப்பினார். அங்கே அவருடைய ஞானாசானாக விளங்கிய பிராங்கே அதை அச்சிட இசையவில்லை. பிற சமயத்தை வேரறுக்கப் போனவர், அதன் கதைகளை ஐரோப்பாவில் பரப்புவதா என்பது அவர் எண்ணம். நூல் கிடப்பில் கிடந்தது. 1867 இல் சென்னையில் அது அச்சேறியபோது, எழுதியவர் மறைந்து நூற்று நாற்பத்தெட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. 1719 இல் முப்பத்தாறு வயதிலேயே அவர் இறந்துவிட்டார். சொன்னதைக் கேட்கும் மாணவனைப் பெற்றிருந்தும், அவன் சொல்ல வந்ததைக் கேட்காத ஆசானின் கதை அது. படித்தபோது ‘சரி’ என்ற ஒற்றைச் சொல் எங்கள் காதில் ஒலித்தது.

சீகன்பால்குக்கு ஒரு நூற்றாண்டு முன்னரே மதுரைக்கு வந்தவர் தத்துவ போதகர் எனப்பட்ட இராபர்ட் தெ நொபிலி. இத்தாலிய உயர்குடியில் 1577 இல் பிறந்தவர். ஏசு சபைத் துறவி. அச்சபையில் கீழ்ப்படிதல் ஒரு நோன்பு. முதியவர் கையிலுள்ள ஊன்றுகோல் எடுத்துச் செல்லும் இடமெல்லாம் செல்வது போலத் துறவி தன் தலைவருக்கு இயங்க வேண்டும் என்பது சபையை நிறுவிய இஞ்ஞாசியார் வகுத்த விதி. ஆனால் அதே இஞ்ஞாசியார் 1553 இல் கீழ்ப்படிதலைப் பற்றி எழுதிய புகழ்பெற்ற கடிதத்தில் ஒரு வாயிலையும் திறந்து வைத்தார். தலைவரின் எண்ணத்திலிருந்து வேறான எண்ணம் தோன்றினால், இறைவனை வேண்டித் தெளிந்தபின் அதைத் தலைவரிடம் எடுத்துரைக்கலாம். அது கீழ்ப்படியாமை ஆகாது என்றார்.

நொபிலி அந்த வாயில் வழியே நடந்தார். 1606 இல் மதுரை சேர்ந்த அவர் காவி உடுத்தார், புலால் நீக்கினார், தமிழும் வடமொழியும் தெலுங்கும் கற்றார். உடன் இருந்த மூத்த பாதிரியாரே அவர்மீது முறையிட்டார். தடைகள் வந்தன. நொபிலி சபையை உதறி வெளியேறவில்லை. வாய்மூடிப் பழைய வழிக்குத் திரும்பவுமில்லை. தம் வழியின் காரணங்களைச் சான்றுகளுடன் இலத்தீனில் எழுதி எழுதி மேலிடத்துக்கு அனுப்பினார். 1619 இல் கோவாவில் கூடிய அவையில் பேராயரே எதிர்த்து நின்றார். அப்போதும் வாதாடினார், காத்திருந்தார். கடைசியில் 1623 இல் போப்பாண்டவர் பதினைந்தாம் கிரகோரி அவர் வழியை ஏற்று ஆணையிட்டார். முதுமையில், கண்பார்வை மங்கிய நிலையில், மதுரையைவிட்டுப் போகுமாறு சொன்னபோது யாழ்ப்பாணம் சென்றார். பின்பு மயிலாப்பூர் வந்தார். 1656 இல் அங்கேயே மறைந்தார். வினவ வேண்டிய இடத்தில் வினவியவர், பணிய வேண்டிய இடத்தில் பணிந்தார்.

அவரிடமும் குறை உண்டு. மதுரையில் உயர்குலத்தாரின் சொல்லுக்குச் செவிசாய்த்த அவர், அவர்களின் சாதிப் பிரிவுக்கும் இடங்கொடுத்தார். தாழ்த்தப்பட்டோரை அணுகுவதற்கென்று 1640 அளவில் ‘பண்டாரசாமிகள்’ என்று தனி வகுப்பாரையே அந்தப் பணியில் ஏற்படுத்த வேண்டியதாயிற்று. எனவே, கேட்டால் மட்டும் போதாது. யார் குரலைக் கேட்கிறோம், யார் குரல் நம் செவிக்கு எட்டாமலே போகிறது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

செவிக்கு எட்டாத குரல் ஒன்றை நாங்கள் எங்கள் ஊருக்கு அருகிலேயே கண்டோம். ஹௌராவிலிருந்து மின்ரயிலில் சென்றால் ஒரு மணி நேரத்துக்குள் ஸ்ரீராம்பூர் வந்துவிடும். தரங்கம்பாடியைப் போலவே அதுவும் டேனியர் ஊராக இருந்தது. இரண்டையும் டேனியர் ஆங்கிலக் கம்பெனிக்கு விற்றது ஒரே ஆண்டில், 1845 இல். இரண்டு ஊர்களுக்கும் இடையே இப்படி ஓர் உறவு இருப்பது தெரியாமலே நாங்கள் ஒன்றின் அருகே பிறந்து மற்றொன்றின் அருகே நாற்பது ஆண்டுகள் வாழ்ந்திருக்கிறோம்!

ஸ்ரீராம்பூரின் பெரும்பெயர் வில்லியம் கேரி. ராம்ராம் பாசுவிடம் வங்கம் பயின்று, 1801 இல் வங்கமொழியில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டவர். அவர் புகழை எல்லோரும் அறிவர். அவர் மனைவி டாரதியை அறிந்தவர் சிலரே. இந்தியாவுக்கு வர மாட்டேன் என்றுதான் அந்த அம்மையார் முதலில் சொன்னார். அப்போது அவர் கருவுற்றிருந்தார். கேரி மூத்த மகனை மட்டும் அழைத்துக்கொண்டு கிளம்பினார். கப்பல் பயணம் தடைப்பட்டதால் திரும்பி வந்தார்; மறுபடியும் அழைத்தார்; மறுபடியும் மறுத்தார் மனைவி. அதன்பின் உடன்பயணியான தாமஸ் என்பவர் சென்று, வராவிட்டால் குடும்பமே சிதறிப்போகும், பிற்காலத்தில் வருந்த நேரிடும் என்று அச்சுறுத்திப் பேசினார். தங்கையும் துணை வருவதானால் வருகிறேன் என்று டாரதி இணங்கினார். பிறந்து சில வாரங்களே ஆன குழந்தையுடன் 1793 இல் கப்பலேறினார். மறு ஆண்டே ஐந்து வயது மகன் பீட்டர் நோயில் இறந்தான். தாயின் மனம் பேதலித்தது. அடுத்த பன்னிரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக அந்நிலையிலேயே வாழ்ந்து, பல நாட்கள் அறைக்குள் அடைபட்டுக் கிடந்து, 1807 இல் ஸ்ரீராம்பூரில் இறந்தார். அடுத்த அறையில் அவர் கூக்குரலிட, இந்த அறையில் கணவர் வேதத்தை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார்.

நோய்க்கும் துயருக்கும் ஒரே காரணம் சொல்லிவிட முடியாது. கேரியைக் கொடியவர் என்றும் நாங்கள் சொல்லவில்லை. ஆனால் அந்த அம்மையார் ‘சரி’ என்று சொன்ன அந்தக் கணத்தை எண்ணிப் பார்க்கிறோம். மனம் இசைந்து வந்த சொல்லா அது? வேறு வழியில்லாமல் வந்த சொல்லா?

ஸ்ரீராம்பூரில் ஹூக்ளி ஆற்றங்கரைப் படிகளில் அமர்ந்து இதைப் பேசிக்கொண்டிருந்தபோது, எங்களுள் ஒருவர் மற்றவரிடம் மெல்லக் கேட்டார்: “1964 இல் மாற்றல் வந்ததே, போகலாமா என்று என்னைக் கேட்டீர்களா?” பதில் சொல்ல வேண்டியவர் வெகுநேரம் ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்பு, “கேட்கவில்லை. கேட்டிருந்தால்?” என்றார். “கேட்டிருந்தாலும் வந்திருப்பேன். ஆனால் கேட்டுக்கொண்டு வந்தவளாக வந்திருப்பேன்.”

கீழ்ப்படிதல் வேண்டாம் என்று சொல்ல நாங்கள் துணியமாட்டோம். உத்தரவைக் கேட்டு வந்ததனால்தான் நம்மில் பலருக்கு வாழ்வு கிடைத்தது. மூத்தோர் சொல்லைக் கேட்டதனால்தான் இத்தனை தொலைவிலும் நம் வீடுகளில் தமிழ் நிலைத்தது. சீகன்பால்கும் நொபிலியும் கீழ்ப்படிந்தவர்களே. ஆனால் அவர்கள் கீழ்ப்படிதலுக்கு உயிர் தந்தது அவர்களுடைய வினாக்கள். வினாவுக்கு இடமிருந்த வரையில் அவர்களுடைய ‘சரி’ முழுமையான ‘சரி’யாக இருந்தது. வினாவே இல்லாமல் வாங்கிய ‘சரி’ கடன் போன்றது. என்றேனும் ஒரு நாள், ஏதேனும் ஒரு கடற்கரையில், வட்டியுடன் நம்மிடம் திரும்பிவரும். பிள்ளைகளைக் கேட்கச் சொல்லும் உரிமை நமக்கு உண்டு. அதற்குமுன் அவர்களைக் கேட்கும் கடமையும் உண்டு. கேட்ட பிறகும் நம் முடிவு மாறாமலே இருக்கலாம். ஆயினும் கேட்கப்பட்டவர் மனம் வேறாக இருக்கும்.

இதை உணர எங்களுக்கு எவ்வளவு காலம் ஆயிற்று! மகளுக்கு நாங்கள் இழைத்ததைத் திரும்பப் பெற வழியில்லை. கல்லூரி வயது திரும்பி வராது. மன்னிப்புக் கேட்டால் அவள், “அதெல்லாம் எதற்கு இப்போது?” என்று சிரித்து மழுப்பிவிடுவாள் என்று தெரியும். ஆகவே வேறொன்று கேட்டோம். 2007 இல் சரசுவதி பூசையன்று, இங்கே வங்கக் குழந்தைகளுக்குப் பலகையில் முதலெழுத்து எழுதவைக்கும் நாளில், இருவரும் அவள் வீட்டுக்குச் சென்று, “எங்களுக்கு வங்கம் எழுதப் படிக்கச் சொல்லித் தருவாயா?” என்று கேட்டோம். நாற்பத்திரண்டு ஆண்டுகள் அந்த எழுத்துகளின் நடுவே கண்ணிருந்தும் காணாதவராக நடமாடியிருந்தோம்.

அவள் உடனே பதில் சொல்லவில்லை. 1984 இல் பார்த்தது போலவே எங்கள் முகத்தைச் சற்று நேரம் பார்த்தாள். பிறகு பேரனின் பழைய பலகையைத் துடைத்துக்கொண்டு வந்து முன்னே வைத்தாள். சுண்ணக்கட்டியைக் கையில் தந்து, கையைப் பிடித்து, ‘அ’ எழுதும் முறையைக் காட்டினாள். நாங்களாக எழுதியபோது இருவருக்கும் கோணலாகவே வந்தது.

“மறுபடியும் எழுதுங்கள்” என்றாள்.

கேட்டோம்.